சர்ச் வாசலில் ஒரு சோடி செருப்பு

போன செவ்வாய்க்கிழமை நான் கொழும்பு கொட்டாஞ்சேனையில், ஒரு மரப்பெட்டிக்குள் முழங்காலில் நின்று வாய்ப்பாடு சொன்னேன்.

அவசரப்படாதீர்கள்... முதலிலிருந்து வருகிறேன்.

கிறிஸ்மஸுக்கு வரும் நத்தார் மலருக்கு வெள்ளைக்காரன் கட்டிய பழைய சர்ச் ஒன்றைப் பற்றி எழுதித் தரும்படி பத்திரிகை ஆசிரியர் கேட்டார். வெள்ளவத்தையில் இருக்கும் இந்தச் சைவப்பழத்திடம் ஏன் கேட்டார்? மற்றவர்கள் எல்லோரும் "துறைமுகப் பக்கமா? வழியில் எத்தனை செக்பொயின்ற்?" என்று விசாரித்துவிட்டு நழுவிவிட்டார்களாம். எனக்கு விசாரிக்கத் தோன்றவில்லை.

பஸ்ஸில் போனேன். வழியில் மறித்த பொலிஸ்காரர், என்ன நினைத்தாரோ, கையை அசைத்து விட்டுவிட்டார். நல்ல சகுனம் என்று நினைத்தேன். என் சகுனங்களின் லட்சணம் உங்களுக்குத் தெரியும்தானே?

சர்ச் வாசலில் மூன்று மொழியிலும் ஒரு பலகை. 'இது பாதுகாக்கப்பட்ட கட்டடம். இதற்குச் சேதம் விளைவிப்பது தண்டனைக்குரிய குற்றம்.' நின்று இரண்டு தரம் வாசித்தேன். பொறாமையாக இருந்தது. இப்படியொரு பலகையைக் கழுத்தில் மாட்டிவிட்டால் நானும் வெள்ளவத்தை வீதியில் எவ்வளவு நிம்மதியாக நடப்பேன்...

உள்ளே சர்ச்சைப் பார்த்துக்கொள்ளும் டேவிட் அண்ணன் காத்திருந்தார். சர்ச்சின் பூட்டுகளுக்கெல்லாம் உரிய திறப்புக் கோர்வை அவர் இடுப்பில்தான் தொங்குகிறது. சுற்றிக் காட்டினார்.

இங்கிலாந்தில் ஏதோ ஒரு கிராமத்துச் சர்ச்சை அப்படியே பெயர்த்துக் கப்பலில் ஏற்றி வந்ததுபோல இருக்கிறது. பனி வழுக்கி விழட்டும் என்று செங்குத்தான கூரை — கொட்டாஞ்சேனையில் பனி. வில்லு அம்போடு எதிரி வந்தால் மறைந்து நிற்பதற்குக் கோபுர உச்சியில் பல் பல்லாகச் சுவர். சனங்கள் உட்காரும் நீள வாங்குகளைச் சுற்றி நெஞ்சளவு உயரத்துக்குப் பெட்டிபோலப் பலகை அடித்து, ஒவ்வொன்றுக்கும் சின்னக் கதவு வேறு.

"கதவு எதுக்கு அண்ணன்?"

"குளிர் காத்து காலில படாம இருக்கத்தான் சேர்."

"இங்க எங்க குளிர்?"

"அவங்க வேர்த்து வேர்த்துத்தான் உள்ள இருந்திருப்பாங்க. ஆனா கதவை மட்டும் மூடிருவாங்க."

மணிக்கூண்டைத் திறந்து காட்டுகிறேன் என்று அவர் ஏணியில் ஏறினார். நான் கீழே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

டமார்.

வெடிச்சத்தம் கேட்டால் உலகத்தில் மற்ற மனிதர்கள் காதைப் பொத்துவார்கள். கொழும்புத் தமிழன் சட்டைப்பையைப் பொத்துவான். அடையாள அட்டை இருக்கிறதா?

என் பை தட்டையாக இருந்தது. அட்டை முந்தின நாள் போட்ட சேட்டில். சேட் வெள்ளவத்தையில், மனைவியின் சவர்க்காரத் தண்ணீரில்.

அடுத்த கணம் நான் ஒரு வாங்குக்குள் பாய்ந்து கதவைச் சாத்திவிட்டேன். என் மூளையைப் பாருங்கள். துறைமுகத்துக்குப் பக்கத்தில், வெடிச்சத்தம் கேட்ட கையோடு, அட்டை இல்லாத தமிழன் ஒருவன் ஒளிந்திருக்கிறான். பிடித்துக்கொண்டு போக வேறு என்ன காரணம் வேண்டும்?

"பயப்படாதீங்க சேர்," மேலேயிருந்து டேவிட் அண்ணனின் குரல். "மரக் கதவுதான், கை தவறிப் போச்சு."

எழும்பப் போனேன். பெட்டிக் கதவுக்கு மேலாக ஒரு துப்பாக்கி முனை தெரிந்தது. பிறகு ஒரு முகம். சத்தம் கேட்டு வீதியிலிருந்து வந்த ஆமிக்காரன். வந்த காலடிச் சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை.

"மாத்தயா, இங்க என்ன செய்றீங்க?" என்று சிங்களத்தில் மரியாதையாகக் கேட்டான்.

என் சிங்களம் மீன் வாங்கப் போதும். உயிர் தப்பப் போதாது. நல்லகாலம், ஏற்கெனவே முழங்காலில்தான் இருந்தேன். கைகளைத் தலைக்கு மேலே குவித்து, "கும்பிடுறன் சேர்" என்றேன். எந்த ஆங்கிலேயனும் அந்த வாங்கில் அப்படிக் கும்பிட்டிருக்க மாட்டான்.

அவன் தலையாட்டினான். இரண்டு பெட்டிக் கதவையும் திறந்துவிட்டு எதிர் வாங்கில் போய் இருந்தான். காத்திருந்தான்.

கும்பிட்டு முடித்தால் அடுத்த கேள்வி அட்டைதானே? ஆகவே முடிக்கவில்லை. தெரிந்த தேவாரமெல்லாம் சொன்னேன். தீர்ந்துவிட்டது. வாய்ப்பாட்டுக்கு மாறினேன். பதின்மூன்றாம் வாய்ப்பாட்டில் முழங்கால் கைவிட்டது. மெதுவாகக் கண்ணைத் திறந்து பார்த்தேன்.

அவன் காலில் சப்பாத்து இல்லை. வெறுங்கால். ஆமிக்காரருக்கும் கால்விரல் இருக்கும் என்று அன்றுவரை நான் யோசித்ததே இல்லை.

"சப்பாத்து எங்க?" வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"வாசல்ல செருப்பு இருந்திச்சே மாத்தயா. கழட்டிட்டுத்தான் வரணும்னு நினைச்சேன்."

என் செருப்பு. கோயிலுக்குப் போகிற பழக்கத்தில் நான் கழற்றிவிட்டு வந்தது. அதைப் பார்த்து, புத்தர் கோயிலான பன்சலைக்குப் போகிற பழக்கத்தில் அவன் கழற்றியிருக்கிறான்.

சுவரில் பதித்திருந்த வெள்ளைக் கல்லைக் காட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டான். மீன்கடைச் சிங்களத்தில் சொன்னேன்: இங்கிலாந்து ஆமிக்காரன். இங்கே வந்தான். காய்ச்சல். செத்துப்போனான். வயது இருபத்திரண்டு.

அவன் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கும் அதே வயசுதான். திங்கட்கிழமை யாழ்ப்பாணத்துக்கு அனுப்புறாங்க. மாத்தயாவுக்கு எந்த ஊர்?"

வெள்ளவத்தை என்று சொல்லியிருக்கலாம். பொய்யும் இல்லை. ஆனால் "யாழ்ப்பாணம்" என்று வந்துவிட்டது. சொன்னபிறகுதான் அட்டை ஞாபகம் வந்தது.

அவன் கல்லை விட்டு என் பக்கம் திரும்பினான்.

"அங்க வெயில் கூடவா?"

"ஓம். நிறையத் தண்ணி குடிக்கவேணும்."

"மாத்தயா நல்லா நேரமெடுத்துக் கும்பிடுறீங்க. எனக்காகவும் கொஞ்சம் கும்பிடுங்க."

மறுபடி முழங்காலில் இருந்தேன். இந்த முறை வாய்ப்பாடு சொல்லவில்லை.

டேவிட் அண்ணன் இறங்கி வந்து எங்கள் இருவரின் கால்களையும் பார்த்தார். "இது இங்கிலீஷ் சர்ச் சேர். இங்க யாரும் எதையும் கழட்டுறதில்ல," என்றார். நான் அதைச் சிங்களத்தில் சொன்னதும் அந்தப் பொடியன் சிரித்துவிட்டான்.

வாசலில் என் செருப்புக்குப் பக்கத்தில் அவனுடைய சப்பாத்து. நாடாவைக் கட்டி முடிக்க நேரமெடுத்தது. அட்டையை அவன் கேட்கவேயில்லை. ஓடிவிட நல்ல சந்தர்ப்பம். ஏனோ, அவன் கட்டி முடிக்கும்வரை நின்றேன்.

அவன் போனபிறகு பலகையை மூன்றாவது தரமும் வாசித்தேன். மூன்று மொழியிலும் கட்டடத்தை மட்டும்தான் சொல்லியிருக்கிறார்கள்.