அலங்காரம் அவருக்கு, பந்தயம் எனக்கு

காரை ஓட்டத் தெரியாதவர்களுக்குத்தான் கார்மேல் பாசம் அதிகம். என் கணவரைப் பார்த்து நான் தெரிந்துகொண்டது இது. எங்கள் வாசலில் ஒரு வெள்ளைக் கார் நிற்கிறது. வாங்கி இரண்டு வருடமாகிறது. கம்பெனியில் போட்டு அனுப்பிய பாலித்தீன் உறை சீட்டுகளில் இன்னும் அப்படியே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் தார்ப்பாயை விலக்கி, ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டி, துவட்டி, மறுபடியும் போர்த்திவிடுவார். ஒரே ஒரு முறை பழனி ரோட்டில் ஓட்டிப் போனார். பின்னால் வந்த மினி பஸ் ஹாரன் அடித்தது என்று ஓரம் கட்டினார். அந்த பஸ் ஒட்டன்சத்திரமே போய்ச் சேர்ந்திருக்கும், இவர் ஓரத்தை விட்டு வரவில்லை.

எனக்கும் லைசென்ஸ் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்பே எடுத்தது. தக்காளி ஏற்றப் போகும் அப்பாவின் பழைய வேனில் ஓட்டிப் பழகியவள் நான். சாவியைக் கேட்டால், "ரோட்டுல போறவன் எவன் ஒழுங்காப் போறான்? வண்டில கீறல் விழுந்துரும்" என்பார். எனக்குக் கீறல் விழுவதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. காந்திகிராமம் பக்கம் ஒரு பள்ளியில் நான் கணக்கு டீச்சர். தினமும் டவுன் பஸ்ஸில் ஒரு கை கம்பியில், ஒரு கை பையில் என்று தொங்கிக்கொண்டு போகிறேன். கூட்டத்தில் யார் முழங்கை யார் விலாவில் இருக்கிறது என்று, பாதிப் பேர் இறங்கும் சின்னாளபட்டி வந்தால்தான் தெரியும். எனக்கு அந்தச் சாவி வேண்டும் என்று இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இந்த நிலையில்தான் அவர் கம்ப்யூட்டரில் ஒரு கார் பந்தய விளையாட்டை ஏற்றினார். ஏதோ ஒரு வெளிநாட்டு நகரம். எந்நேரமும் மழை பெய்து ஓய்ந்த தெருக்கள். கதாநாயகன் ஊருக்குள் வந்த அன்றைக்கே, வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு வில்லன் ஏமாற்றி அவன் காரைப் பிடுங்கிக்கொள்கிறான். நாயகன் ஓட்டை வண்டி ஒன்றில் தொடங்கி, தெருத்தெருவாகப் பந்தயம் ஓட்டி, ஒவ்வொரு ரௌடியாக ஜெயித்து, கடைசியில் அந்த வெள்ளைக் கோட்டோடு மோத வேண்டும். நடுநடுவே ஒரு பெண் போன் செய்து, "ஜாக்கிரதை, போலீஸ் வருது" என்று சொல்வாள். அவளுக்கு அது மட்டும்தான் வேலை. எங்கள் வீட்டு டிவி சீரியலில்கூடப் பெண்களுக்கு இதைவிட நல்ல வேஷம் கொடுக்கிறார்கள்.

என் கணவர் அந்தக் கதைக்குள்ளேயே போகவில்லை. அதில் ஒரு கராஜ் இருந்தது. காருக்குப் பெயிண்ட் மாற்றலாம், ரிம் மாற்றலாம், பின்னால் இறக்கை வைக்கலாம், அடியில் நீல விளக்கு போடலாம். மனிதர் அங்கேயே குடியேறிவிட்டார். முதலில் கறுப்பு அடித்தார். போனில் விவரம் கேட்ட அவருடைய அக்கா, "கறுப்பு நம்ம குடும்பத்துக்கு ஆகாதுப்பா" என்றதும் மெரூன் ஆனது. நம்பர் பிளேட் எண்ணைக் கூட்டினால் எட்டு வந்தது, அதனால் மாற்றினார். அந்த விளையாட்டுக்குத் தமிழ் எழுத்து தெரியாது என்பதால், கோடும் வட்டமுமாக ஒவ்வொன்றாக அடுக்கி, முன் கண்ணாடியில் 'குலதெய்வம் துணை' என்று எழுதி முடித்தார். அதற்கு மட்டும் மூன்று சாயங்காலம் ஆனது.

"பந்தயம் எப்பங்க?" என்று கேட்டேன்.

"வண்டி இன்னும் ரெடியாகல."

ஒருநாள் அவர் கடைக்குப் போயிருந்த நேரத்தில் நான் உட்கார்ந்து பந்தயத்தைத் தொடங்கிவிட்டேன். முதல் தெருவிலேயே எனக்குக் கை வந்துவிட்டது. டவுன் பஸ்ஸில் என்னை இடித்துத் தள்ளிய அத்தனை பேரையும் அந்த ஊரில் வைத்து முந்தினேன். திரும்பி வந்தவர் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை. ஜெயித்ததால் புது ரிம் வாங்கும் வசதி திறந்திருந்தது, அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். அன்றிலிருந்து எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். நான் ஓட்டி ஜெயிப்பேன், அவர் அலங்காரம் செய்வார். திரையின் மேலே ஆட்டக்காரர் பெயர் என்று இருப்பது அவர் பெயர்தான். "நேத்து நாலு பேரைத் தூக்கிட்டேன்ல" என்று ஆபீஸ் நண்பரிடம் போனில் சொல்வதைச் சமையலறையிலிருந்து கேட்டிருக்கிறேன். சொல்லிச் சொல்லி, கடைசியில் அவரே அதை நம்பத் தொடங்கிவிட்டார்.

நம்பியதன் பலனாக, வெள்ளைக் கோட்டு வில்லனுடனான கடைசிப் பந்தயத்துக்கு ஆள் கூப்பிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வத்தலக்குண்டிலிருந்து அவருடைய அக்காவும் அத்தானும் வந்தார்கள். ஆபீஸ் நண்பரும் வந்தார். இதற்கென்றே கூரியரில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டீயரிங்கும், காலடியில் வைக்கும் பெடல்களும் வரவழைத்திருந்தார். ஸ்டீயரிங்குக்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் மல்லிகை. புது வண்டி எடுத்தால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, ஏற்றி நசுக்குவது வழக்கம். இங்கே சக்கரத்துக்கு எங்கே போவது? அவருடைய அக்கா, அதாவது என் மதினிதான் வழி சொன்னார்.

"பெடலுக்கு அடியில வைப்பா. எல்லாம் ஒண்ணுதான்."

வைத்தார். சாமி பெயரைச் சொல்லி ஆக்சிலேட்டரை ஓங்கி மிதித்தார். பழம் நசுங்கிச் சாறு மொத்தமும் பெடலுக்குள் இறங்கியது. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம்.

பந்தயம் தொடங்கியது. மிதித்த பெடல் மேலே எழும்பவில்லை. மெரூன் கார் முழு வேகத்தில் ஒரு கட்டடத்தில் முட்டி, திரும்பி, எதிர்க் கட்டடத்தில் முட்டியது. மூன்று முறை முயன்றார், மூன்று முறையும் அதே கட்டடங்கள்.

"மாப்ள, அந்தச் செவுத்த இடிச்சுத்தான் ரோடு போடப் போறியா?" என்றார் அத்தான்.

"தினமும் நீங்கதான் சார் ஜெயிக்கிறதாச் சொன்னீங்க?" என்றார் நண்பர்.

நான் பின்னாலிருந்து, "கீபோர்டுல நான் ஓட்டவாங்க?" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்த பார்வையில், தினமும் ஓட்டுவது யார் என்பது சுத்தமாக மறந்துபோயிருந்தது. "நீயா? இது என்ன அடுப்படியில வெஞ்சனம் வைக்கிற வேலையா? நீ மட்டும் ஜெயிச்சுட்டா, வாசல்ல நிக்கிற காரையே நீ எடுத்துக்க, போ."

"எல்லாரும் கேட்டுக்கிட்டோம் மாப்ள" என்றார் அத்தான்.

நான் உட்கார்ந்தேன். இத்தனை நாள் ரிம்முக்காக ஓட்டினேன், அன்றைக்குச் சாவிக்காக ஓட்டினேன். கடைசி வளைவு வரை வெள்ளைக் கோட்டுக்காரன்தான் முன்னால் போனான். வளைவில் அவனைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு எல்லைக்கோட்டைத் தாண்டினேன். திரையில் பட்டாசு வெடித்தது, அவர் பெயரைப் போட்டு வாழ்த்துச் சொன்னது.

அத்தான் கையை நீட்டி, "சாவி, மாப்ள" என்றார். என் கணவர் சிரித்துக்கொண்டே எழுந்து போய், சாவியைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தார். மதினிக்குக் கண் கலங்கிவிட்டது. "என் தம்பிக்கு எம்புட்டுப் பெரிய மனசு பாத்தீங்களா!" என்றார். அவ்வளவு லேசாக அவர் கொடுத்தது எனக்கு உறுத்தியது. ஆனாலும் வாசலுக்குப் போனேன்.

பாலித்தீன் நறநறக்க உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். டேஷ்போர்டில் ஒரு விளக்கு மங்கலாக எரிந்தது. 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுதான்.

எல்லோரும் அடடா என்றார்கள். அவர் மட்டும் சொல்லவில்லை. முகத்தில் ஆச்சரியமும் இல்லை. "பேட்டரி உக்காந்துருச்சு போல. விடு, இன்னொரு நாள் பாப்பம். உள்ள வாங்க, சாப்பிடலாம்" என்றார்.

"எப்ப உக்காந்துச்சு?"

"அது... பொங்கலுக்கு முன்னாடியே."

அதற்குப் பிறகு எத்தனை ஞாயிற்றுக்கிழமை ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டியிருக்கிறார்! எனக்கு அழுகை வரவில்லை, உச்சிமண்டை வரைக்கும் கோபம்தான் வந்தது. கொடுத்தாலும் ஓடாது என்று தெரிந்துதான் பெரிய மனசைக் காட்டியிருக்கிறார். நான் காரை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கவும் முடியாததால் கதவைத் திறந்து தலையை நீட்டினேன்.

"அண்ணே, செத்த பின்னாடி போய்த் தள்ளுங்க. சார், நீங்களும். ஏங்க, உங்களத்தான்."

அப்பாவின் வேனைப் பாதி நாள் இப்படித்தான் கிளப்புவோம். எங்கள் தெரு மெயின் ரோட்டைப் பார்த்துச் சரிவாக இறங்கும். சாவியைத் திருப்பி, கிளட்சை மிதித்து, இரண்டாவது கியரில் போட்டேன். பின்னால் மூன்று பேர் தள்ளினார்கள். விரல் ரேகை படக் கூடாது என்று என் கணவர் மட்டும் தோளில் கிடந்த துண்டைக் காரின்மேல் விரித்து, அதன்மேல் கை வைத்துத் தள்ளினார். சரிவில் வண்டி உருண்டு வேகம் பிடித்ததும் கிளட்சை விட்டேன். ஒரு குலுக்கு குலுக்கி எஞ்சின் எழுந்தது.

தள்ளிக் கிளப்பிய வண்டியை அணைத்தால் மறுபடியும் தள்ள வேண்டும். "நிறுத்து, நிறுத்து! இனிமே நான் ஓட்டுறேன்!" என்று துண்டும் கையுமாக அவர் பின்னாலேயே ஓடி வந்தார்.

மூன்றாவது கியருக்கு மாற்றினேன்.