டிங்கரண்ணன் வாங்கிய பழைய கிட்டார்

நசுங்கிப்போன காரைத் தட்டி நிமிர்த்துவதற்கு டிங்கர் வேலை என்று பெயர். அதை முப்பது வருடம் செய்தால் காரெல்லாம் நிமிர்ந்துவிடும், காது படுத்துவிடும். நம் டிங்கரண்ணனுக்கு அதுதான் நடந்தது. இடது காது முதலில் போனது. 'நீ மட்டும் தனியாகப் போவாயா' என்று வலது காதும் பின்னாலேயே கிளம்பிவிட்டது. ஒரேயடியாகப் போய்விடவில்லை. ஹாரன் கேட்கும், கதவை அறைந்தால் கேட்கும், யாராவது கத்தினால் கேட்கும். மெதுவாகப் பேசினால்தான் ஒன்றும் விழாது.

அண்ணன் இதை யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. "எனக்கென்ன, பாம்புச் செவி" என்பார். எதிரே இருப்பவர் வாய் அசைந்து நின்றதும் ஒரு "ம்" போடுவார். அந்த ஒற்றை "ம்"மை வைத்தே காலத்தை ஓட்டிவிட்டார் மனுஷன். வீட்டுக்காரர் வாடகையை ஏற்றியபோது ஒரு "ம்". மச்சினன் பைக்கை இரவல் கேட்டபோது ஒரு "ம்". பைக் இன்னும் திரும்பி வரவில்லை.

அடி வாங்கியது அண்ணிதான். மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் வேலை. பிறவியிலேயே மெல்லிய குரல். கல்யாணமான புதிதில், கடைவிட்டு வந்ததும் வெங்காயம் நறுக்கிக்கொண்டே அன்றைக்கு வந்தவன் போனவன் கதையையெல்லாம் சொல்வார். அண்ணன் சமையலறைக் கதவில் சாய்ந்து ம் கொட்டுவார். இருமல் மருந்து வாங்க வந்தவன் இருமி இருமி, எதற்கு வந்தோம் என்பதையே மறந்துபோன கதைக்கு இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து சிரித்திருக்கிறார்கள்.

இப்போது அந்தப் பேச்செல்லாம் எங்கே? "சாப்பிட வாங்க!" "தண்ணி வந்துருச்சு!" "கேஸ் தீர்ந்துபோச்சு!" அவ்வளவுதான், அதுவும் அடித்தொண்டையிலிருந்து. கத்திச் சொன்னால் நல்ல வார்த்தைகூடச் சண்டையாகிவிடும். ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரம்மா வந்து, "எதுவா இருந்தாலும் விட்டுக்குடுத்துப் போங்கம்மா" என்று சமாதானம் செய்துவிட்டுப் போனார். அன்றைக்கு அண்ணி கத்தியது, "இந்தச் சட்டை உங்களுக்கு நல்லா இருக்கு!" என்பதுதான். அதற்குப் பிறகு அந்த மாதிரி வார்த்தைகளையும் அண்ணி நிறுத்திவிட்டார்.

மகள் ஒரு காதுக்கருவி வாங்கி அனுப்பினாள். போட்டுப் பார்த்தார் அண்ணன். தட்டு வைக்கும் சத்தம் சுத்தியல் அடியாக விழுந்தது. "இதெல்லாம் கெழவனுங்க மாட்டிக்கிறது" என்று கழற்றி அலமாரியில் போட்டுவிட்டார். கிழவனாகாமல் இருக்கத்தான் இத்தனை பாடு. ஆனால் வீடு ஊமையாகிவிட்டது அவருக்குத் தெரியாமல் இல்லை. ராத்திரிச் சாப்பாட்டில் அண்ணியின் வாய் மெல்வதற்கு மட்டும் அசைவதைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். என்ன செய்வது, யாரிடம் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

அலமாரி மேல் அவருடைய பழைய மரக்கிட்டார் ஒன்று தூசி தின்றுகொண்டிருந்தது. இளவயதில் அண்ணிக்காக வாசித்தது. இப்போது மீட்டினால் விரல் அசைவது தெரிகிறது, சத்தம் தெரியவில்லை. பட்டறையில் கார் வயரிங் பார்க்கும் பையன்தான் யோசனை சொன்னான். எலெக்ட்ரிக் கிட்டாரில் ஹெட்ஃபோனை மாட்டினால் சத்தம் நேராகக் காதுக்குள்ளேயே இறங்கிவிடுமாம். இதைக் காதருகே வந்து கத்திச் சொன்னதால் அண்ணனுக்கு விழுந்தது. ஜெராக்ஸ் கடைக்காரர் ஒருவர் பழைய கிட்டாரை விற்கிறார் என்பதும் விழுந்தது. அடுத்த நாளே போனார்.

கடைக்காரர் ஒரு காலத்தில் மேடையில் வாசித்தவர். உள்ளறையிலிருந்து எடுத்து வந்தார். செமி ஹாலோ வகை. இரண்டு பக்கமும் உள்ளே கூடு, நடுவில் மட்டும் கட்டை. பழுத்த சிவப்பு, மேலே வளைந்த இரண்டு துளைகள். அண்ணன் கதவுத் தகரத்தைத் தட்டிப் பார்ப்பதுபோல் விரல்முட்டியால் ஓரத்திலிருந்து நடுவரை தட்டிக்கொண்டே வந்தார். கூடு எங்கே முடிகிறது, கட்டை எங்கே தொடங்குகிறது என்று கைக்குத் தெரிந்தது. முழுக்கட்டைக் கிட்டாரின் கனம் இதில் இல்லை. சுத்தியல் பிடித்து நொந்த தோளுக்குச் சுகமாக இருந்தது. ஒலியைப் பெருக்கும், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு பெட்டியைக் கிட்டாரில் செருகி, ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, சத்தத்தைக் கடைசிவரை திருகி வைத்தார் கடைக்காரர்.

அண்ணன் ஒரு கம்பியை மீட்டினார். அட! மண்டைக்குள் விளக்குப் போட்டதுபோல் இருந்தது. இன்னொன்று. இன்னொன்று. ஹெட்ஃபோனைக் கழற்றும்போது கண் கலங்கியிருந்தது. மூக்கைச் சீந்திச் சமாளித்தார்.

கடைக்காரர் நேர்மையான ஆள். பின்னால் ஜெராக்ஸ் மிஷின் கடகடவென்று ஓட, தணிந்த குரலில் சொன்னார்.

"அண்ணே, முன்னாடியே சொல்லிடுறேன். இதுல ஒரு கோளாறு இருக்கு. கம்பிக்குக் கீழ இருக்கே பிக்கப், அது கம்பிச் சத்தத்தை மட்டும்தான் எடுக்கணும். இது பக்கத்துல பேசுறதையும் சேர்த்து எடுக்குது. மேடையில மானத்தை வாங்கிடும். அதான் பாதி விலைக்குத் தர்றேன்."

"ம்" என்றார் அண்ணன்.

"நாளைக்கு வந்து ஏன் சொல்லலைன்னு கேக்கக் கூடாது."

"ம்."

"அந்தப் பிக்கப்பை மெழுகுல முக்கி எடுத்தா சரியாயிரும். வச்சிட்டுப் போறீங்களா, பண்ணித் தரேன்?"

"ம்" என்று சொல்லி, பணத்தை மேஜையில் வைத்து, கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போயே போய்விட்டார். ஒரு வார்த்தை காதில் விழுந்திருந்தால்தானே! கடைக்காரர் வாயைப் பிளந்தபடி நின்றார்.

வீட்டில் அண்ணி கத்தினார். "காது கேக்காத மனுஷனுக்குக் கிட்டார் ஒரு கேடா!" அது முழுசாகவே கேட்டது. அண்ணன் அசடு வழிந்தார்.

தினமும் பட்டறைவிட்டு வந்ததும் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். கத்தினாலும் கேட்காது என்ற நிலை வந்துவிட்டது. அண்ணி தோளைத் தட்டிச் சாப்பிடக் கூப்பிட ஆரம்பித்தார். அண்ணியின் முகம் நாளுக்கு நாள் சுண்டிப்போவதை அண்ணன் பார்த்தார். இசை கிடைத்தது, இருந்த கொஞ்சமும் கைவிட்டுப் போகிறது என்று அவருக்கே பயம் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அண்ணன் மடியில் கிட்டார், காதில் ஹெட்ஃபோன். சட்டையில் ஒரு பட்டன் நூலில் தொங்கியது. அண்ணி ஊசியும் நூலுமாக வந்து, எழுந்திருக்க வேண்டாம் என்று சைகை காட்டிவிட்டு, எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து குனிந்து தைக்க ஆரம்பித்தார். ஊசிக்குப் பயந்து அண்ணன் வாசிப்பதை நிறுத்திக் கம்பிகள் மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கினார். அண்ணியின் வாய்க்கும் கிட்டாருக்கும் ஒரு சாண்கூட இல்லை.

அப்போது அண்ணனுக்குள் யாரோ பேசினார்கள்.

"...இன்னிக்கு ஒரு பெரியவர் வந்தாருங்க. சம்சாரத்துக்குக் கசக்காத மாத்திரையா குடும்மான்னாரு. எல்லாம் கசக்கத்தான்யா செய்யும்னேன். நம்பல. அங்கயே ஒண்ணைப் பிரிச்சு வாயில போட்டு மென்னு பாக்குறாரு..."

மெல்லிய குரல். பழைய டெலிபோனில் வருவதுபோல் கொஞ்சம் கரகரப்பு. ஆனாலும் அதே குரல், சிரிப்பை அடக்கும்போது கடைசியில் உடையும் அதே குரல். அண்ணன் அசையவில்லை.

"தினமும் உங்க முதுகைப் பாத்துச் சொல்லிட்டுத்தான் இருக்கேன். செவிடன் காதுல ஊதின சங்கு. இதைக் கத்தியா சொல்ல முடியும்? கத்திச் சொன்னா இதுல என்ன சிரிப்பு இருக்கு... இப்படியே பேசாமலே ரெண்டு பேரும் போய்ச் சேந்துருவோமோன்னு பயமா இருக்குங்க."

நூலைக் கடித்து அறுக்க அண்ணி இன்னும் குனிந்தார். அவர் மூச்சுகூடக் காதில் விழுந்தது.

"அப்புறம்? மாத்திரை கசந்துச்சா?" என்று கேட்டார் அண்ணன்.

ஊசி நறுக்கென்று வயிற்றில் குத்தியது. "ஐயோ!" என்று அலறியது இரண்டு பேரும்தான்.

அண்ணி ஹெட்ஃபோனையும் கிட்டாரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மறுபடி குனிந்து, சன்னமாக, "கேக்குதா?" என்றார்.

"கேக்குதும்மா."

அவ்வளவுதான். கிட்டார் மேலேயே தலையைச் சாய்த்து அண்ணி அழுத அழுகை இருக்கிறதே, அதுவும் முழுசாகக் கேட்டது. அண்ணனும் சேர்ந்து அழுதார்.

மறுநாள், கிட்டாரில் பேச்சு எப்படிக் கேட்கிறது என்று விசாரிக்க இருவரும் ஜெராக்ஸ் கடைக்குப் போனார்கள். "அண்ணே, மூணு தடவை சொன்னேனே, நீங்கதானே ம் போட்டீங்க!" என்று கடைக்காரர் எகிறினார். அண்ணன் கடையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"எனக்குக் காது கேக்காதுங்க. நீங்க சொன்னது ஒண்ணும் விழல."

வாழ்க்கையிலேயே முதல் தடவையாகச் சொன்னார். சொன்னபின் என்னவோ தோள் லேசாக இருந்தது. கடைக்காரர் பதறிப்போய், "கவலைப்படாதீங்க, அரை மணி நேரத்துல சரி பண்ணித் தரேன்" என்று கிட்டாருக்குக் கை நீட்டினார். அண்ணி அதைப் பிடுங்கி இடுப்புக் குழந்தையைப்போல் அணைத்துக்கொண்டார்.

"ஒண்ணும் சரி பண்ண வேணாம். நல்லாத்தான் இருக்கு."

திரும்பும் வழியில் காது டாக்டரிடமும் போய், அலமாரியில் கிடந்த காதுக்கருவியை அவர் காதுக்குத் தக்கபடி சரிசெய்ய ஒரு நாள் குறித்துக்கொண்டு வந்தார்கள். அது தெருவுக்கும் பட்டறைக்கும். வீட்டுக்கு இந்தக் கிட்டார் போதும்.

அன்று சாயங்காலம் அண்ணி ஸ்டூலை இழுத்துப் போட்டுக் குனிந்தார்.

"எங்க விட்டேன்?"

"பெரியவர் மென்னு பாத்தாரு."

"ஆமா. மூஞ்சி அஷ்டகோணலாப் போச்சு. கசக்குதான்னு கேட்டேன். 'கசக்குதும்மா, ஆனா அவகிட்ட சொல்லிராத. நானும் அவகூட ஒண்ணு போட்டுக்குவேன்'னாரு."

"ம்" என்றார் அண்ணன், கேட்டு.