நாலாவது சுரைக்காயும் மடக்கிய விரலும்

எங்கள் மாடிச் சுரைக்கொடியில் முதல் மூன்று பிஞ்சும் அழுகி விழுந்துவிட்டன. வருகிறவர்களுக்கெல்லாம் நான் விரல் நீட்டிக் காட்டியதுதான் காரணம் என்பது என் வீட்டம்மாவின் கட்சி.

"ஒத்த விரல அடக்கி வச்சிகினு இருக்க முடியல உங்களால. நாலாவதும் போச்சுன்னா மாடிப்பக்கமே வரக்கூடாது."

அதனால் ஒன்பது நாளாகக் கையைக் கட்டிக்கொண்டுதான் கொடியருகே போகிறேன்.

இன்று காலை கீழ்வீட்டுக்காரர் மேலே வந்தார். கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி செய்கிறவர். நான் முகவாயால் ஒரு இலையைக் காட்டினேன்.

அதற்கடியில் நாலாவது காய் முழங்கை நீளத்துக்குத் தொங்கியது. இளம்பச்சை உடம்பெல்லாம் பூனைமுடி, நுனியில் காய்ந்த பூ. போன வாரம் சுண்டுவிரல் அளவுதான் இருந்தது. செங்கல்பட்டு வெயிலில் ஒரு பை மண்ணும் இரண்டு வேளைத் தண்ணீரும் சேர்ந்து இதைச் செய்திருக்கின்றன.

இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். கீழே அவருடைய ஸ்டாஃப் பஸ் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போயே போய்விட்டது.

கடைசியில் "என்னா சைஸ் சார்!" என்று கையைத் தூக்கினார். எனக்கு உயிர் போய் வந்தது. பார்த்தால், விரலை மடக்கித்தான் காட்டுகிறார்.

"நீங்களுமா சார்?"

"எதுக்கு சார் ரிஸ்க்கு."

காயின் படத்தை இந்தப் பதிவில் போடவில்லை. பெரிதாக்கிப் பார்க்கிறேன் என்று எல்லாரும் விரலைத்தான் வைப்பீர்கள். உங்களை எனக்குத் தெரியாதா?