பட்டியலில் இல்லாத தம்பி

மூன்று கொட்டேஷன்களையும் மேசைமேல் வரிசையாகப் பரப்பி, ஆள்காட்டி விரலால் ஓரத்தை நீவிக்கொண்டே போகிறார் கலைமணி. மூன்று கடைகள், மூன்று முத்திரைகள். ஆனால் மூன்று தாளிலும் வலப்பக்கத்தில் ஒரே கறுப்புக் கோடு, பழுதான பிரிண்டர் விட்டது, மேலிருந்து கீழாக இறங்குகிறது. எதிரே நிற்கும் மின்விசிறி வியாபாரி கூரையைப் பார்க்கிறார்.

“ஏனுங்ணா, மூணு கடையும் ஒரே பிரிண்டர்லயா குடித்தனம் பண்றீங்க?”

வியாபாரி சிரித்துத் தாள்களைச் சுருட்டிக்கொள்கிறார். “நாளைக்கு வாரனுங் மேடம்.”

“மூணு பேரும் தனித்தனியா வாங்க. ஒரே வண்டில வேண்டாம்.”

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடைப்பட்ட பல்கலைக்கழகம் ஒன்றில் கொள்முதல் பிரிவுக் கண்காணிப்பாளர் அவர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கடைக்காரர்கள் தரும் நாட்காட்டி அவர் அறைச் சுவரில் ஏறியதில்லை. தீபாவளிக்கு யாரேனும் இனிப்புப் பெட்டியை வைத்துவிட்டுப் போனால், அது வந்த பேருந்திலேயே, நடத்துநர் கையில், ஊர் திரும்பும். அவசரமென்று தாமாகவே பொருளை வாங்கிவிட்டு ரசீதோடு வந்து நிற்கும் பேராசிரியர்களிடமும் இரக்கமில்லை. “வாங்கிப்போட்டுட்டு வந்து கேக்கறதுக்கு, இது ஊட்டுக்கு வாங்கற கத்திரிக்கா இல்லீங் சார்” என்பார். சிலர் கோபித்துக்கொள்வார்கள். அவர் குரல் உயராது. விதியின் எண்ணைச் சொல்லிவிட்டு அடுத்த கோப்பை எடுத்துக்கொள்வார்.

அவர் கையெழுத்திடும் உறுதிமொழி ஒன்று உண்டு. விலை கொடுத்திருப்பவர்களில் தமக்கு உறவினர் எவருமில்லை என்பது அதன் சாரம். உறவினர் என்றால் யார் என்று அதன் கீழேயே அச்சிட்டிருக்கிறார்கள்: கணவன் அல்லது மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், அவர்களுடைய துணைவர்கள். சென்ற ஆண்டு நூலகத்துக்கு இரும்பு அலமாரிகள் வாங்கியபோது வந்த விலைகளுள் ஒன்று புதுச்சத்திரத்தில் பீரோ பட்டறை வைத்திருக்கும் பூபதியுடையது. மற்றெல்லாவற்றையும்விடக் குறைந்தது. கலைமணி அந்த உறவினர் பட்டியலை இருமுறை படித்தார். பூபதி அதில் எங்குமில்லை. கையெழுத்திட்டார்.

எங்கள் கூட்டத்து, அதாவது குலத்து, வம்சாவளியை எழுதி வைத்திருப்பவன் என்ற முறையில் இங்கே ஒன்றைத் துல்லியமாகச் சொல்ல வேண்டும். கலைமணியின் பாட்டனும் பூபதியின் பாட்டனும் அண்ணன் தம்பிகள். ஆகவே பூபதி பங்காளி. அவ்வளவில் தூரத்து உறவு. ஆனால் பூபதிக்கு உடன்பிறந்த பெண் இல்லை. எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் தாலி கட்டுமுன் மாப்பிள்ளைக்கு அவனுடைய சகோதரி இணைச்சீர் என்னும் சடங்கைச் செய்ய வேண்டும். சகோதரி இல்லாதவனுக்குப் பங்காளி வீட்டுப் பெண் ஒருத்தி முன்வந்து செய்வாள். செய்த நாள் முதல் அவளே அவனுக்கு அக்கா. அதற்குப் பிறகு யாரும் பாட்டன்வழி எண்ணிப் பார்ப்பதில்லை. பூபதிக்கு அந்தச் சீரைச் செய்தவர் கலைமணி. பூபதியின் மகளுக்கு யாழினி என்று பெயரிட்டவரும் அவரே.

அலமாரிகள் வந்து இறங்கிய நாளில் பூபதி வண்டியோடு தாமே வந்திருந்தார். நிதி அலுவலர் அருணகிரி, ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், சரக்கைப் பார்வையிட வாசலில் நின்றார். கலைமணி அவர் பக்கத்தில்.

“பாத்து எறக்குங்கப்பா, கீறல் கீது உழுந்துச்சு, தொலச்சுப்போடுவன். எங்கக்கா ஆபீசாக்கும்!” என்று ஆட்களை அதட்டினார் பூபதி.

அருணகிரி திரும்பினார். “அக்காவா? ஏம்மா, இவர் உங்களுக்குச் சொந்தமா?”

“இல்லீங் சார்” என்றார் கலைமணி. “ஒரே ஊருப் பக்கமுங்க. அவ்வளவுதே.”

பூபதி அலமாரியின் ஒரு முனையைத் தாங்கிப் பிடித்திருந்தார். கீழே வைத்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு, அவராகவே, “ஆமாங் சார். வாய்ப் பழக்கத்துல வந்துருச்சுங்க. மேடம் பெரிய மனசு பண்ணோணும்” என்றார்.

மறுநாள் மாலை கலைமணி என் வீட்டுக்கு வந்தார். தண்ணீர் கொடுத்தும் குடிக்கவில்லை. “ஏனுங்ணா, பூபதி நமக்கு என்ன மொறைன்னு எழுதியிருக்கறீங்க?” என்று கேட்டார். படித்துக் காட்டினேன்.

“இணைச்சீர எழுதியிருக்கறீங்களா?”

“எழுதியிருக்கேன்.”

“அந்த ஃபாரத்துல அதுக்கு எடமில்லீங்ணா. பங்காளியெல்லாம் சொந்தம்னு எழுதோணும்னா, எருமப்பட்டில இருந்து இங்க வரைக்கும் ஒருத்தருகிட்டயும் ஆணிகூட வாங்க முடியாது. அப்பிடித்தே நெனச்சுக் கையெழுத்துப் போட்டன்.” தண்ணீர்ச் செம்பைத் தள்ளி வைத்தார். “ஃபாரத்துல போட்டது இருக்கட்டும். வாயால சொன்னனே, அவன் மூஞ்சிக்கு நேரா.”

அடுத்த வேலைநாளில் நடந்ததை நடந்தபடி கடிதமாக எழுதி அருணகிரியிடம் நீட்டினார். அவர் படித்தார், விதிப் புத்தகத்தைப் புரட்டினார், கடிதத்தை நான்காக மடித்துத் திருப்பிக் கொடுத்தார். “எதுக்கும்மா இதெல்லாம்? வெலையும் கொறைச்சல், சரக்கும் நல்லா இருக்கு. விதிப்படி அவரு உங்களுக்கு யாருமே இல்ல. போய் வேலையப் பாருங்க.”

பூபதியிடம் பேசினீர்களா என்று ஒருமுறை கேட்டேன். “என்னன்னு பேசறதுங்ணா? நாஞ்சொன்னதுதே சரின்னு ஆபீசும் சொல்லிருச்சுன்னா?” என்றார். அந்த ஆண்டு குலதெய்வக் கோயில் பொங்கலுக்கு அவர் வரவில்லை. அலுவலகத்தில் தணிக்கை என்று சொல்லியனுப்பினார். தணிக்கை ஏதும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

சென்ற மாதம் என் மகளின் சான்றிதழ் ஒன்றுக்காக அங்கே போயிருந்தேன். கலைமணியின் அறையில் உட்கார்ந்திருந்தபோது பூபதி வந்தார். அலமாரிக் கணக்கை முடித்துக்கொள்ள அவருடைய கையெழுத்து ஒன்று தேவைப்பட்டிருக்கிறது. என்னைப் பார்த்துத் தலையசைத்தார். மேசைக்கு இரண்டடி தள்ளியே நின்றார்.

“எங்கீங் மேடம் போடோணும்?”

“உக்காரு பூபதி.”

“பரவால்லீங் மேடம்.”

பக்கத்து மேசை எழுத்தர் கிருத்திகா சிரித்தார். “அட, மேடமே சொல்றாங்கல்ல, உக்காருங் சார். மத்தவங்கள இந்த மேடம் நிக்கவெச்சேதே அனுப்புவாங்க.”

பூபதியும் சிரித்தார், உட்காரவில்லை. குனிந்து, காட்டிய இடத்தில் கையெழுத்திட்டார்.

“யாழினி நல்லாருக்குதா?” கலைமணியின் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

“நல்லாருக்குதுங் மேடம்.”

நாற்காலி பின்னால் நகரும் ஓசை கேட்டது. கலைமணி எழுந்துவிட்டிருந்தார். கிருத்திகா என்னைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். தாள்களைச் சரிபார்த்துப் பிரதியை மடித்துப் பூபதி பையில் வைக்கும்வரை, கும்பிட்டு வெளியேறி வராந்தாவைக் கடந்து படியிறங்கும் செருப்போசை அடங்கும்வரை, பள்ளிக்கூடத்தில் தண்டனை பெற்ற பிள்ளையைப் போல இரு கைகளையும் பக்கவாட்டில் தொங்கவிட்டுக் கலைமணி நின்றுகொண்டேயிருந்தார்.