கடைசியாகக் குளிப்பவர்

என் அம்மா மிட்சுயோ மருமகளாக வந்த வீடு ஜப்பானின் டொயாமாவில். எட்டுப் பேருக்கு ஒரே தொட்டி வெந்நீர். தொட்டிக்கு வெளியே உட்கார்ந்து உடம்பு தேய்த்துக் கழுவிவிட்டு, ஒருவர் பின் ஒருவராக அதே நீரில் இறங்குவோம். முதலில் தாத்தா. கடைசியில் மருமகள்.

பின்னாளில் நான் மினேகோவைக் கட்டிக்கொண்டு வந்தபோது அம்மா முறையை மாற்றினார். "வேலைக்குப் போய்ட்டு வர்ற பொண்ணு நீ. எனக்கு முன்னாடி இறங்கு. தொட்டி கழுவுறது என் வேலை, அதுல கை வைக்காத."

வயதானபின் அம்மாவுக்கு மறதி நோய் வந்தது. முதலில் சேர்த்த முதியோர் இல்லம் பெரியது, சுத்தமானது. கட்டிலுக்குக் கீழே அசைவைக் கண்டறியும் உணரி, கதவில் தானியங்கிப் பூட்டு. நான் ஆலைகளுக்குக் கட்டுப்பாட்டுக் கருவி வடிவமைப்பவன்; எனக்குப் பிடித்திருந்தது. குளியல் காலையில். அம்மா மறுத்தார். சட்டைப் பொத்தானில் கை வைத்தவர்களைக் கிள்ளினார். குளிக்காமல் அவர் தோல் புண்ணானது.

"இப்படியே முரண்டு பிடிச்சா அமைதிப்படுத்தற மாத்திரையைக் கூட்டறதைத் தவிர வழியில்ல" என்றார் மேற்பார்வையாளர். மாத்திரை கூடினால் அம்மா எழுந்து நடக்கமாட்டார்.

வேறு இடம் தேடினேன். ஒன்பது பேர் வசிக்கும் மரவீடு ஒன்று கிடைத்தது. பராமரிப்பாளர் கயோகோ என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "வீட்ல இவங்க எப்போ குளிப்பாங்க?"

"எல்லாரும் குளிச்ச பிறகு."

அன்று சாயங்காலம் கயோகோ, "எல்லாரும் குளிச்சாச்சும்மா. நீங்கதான் பாக்கி" என்றார்.

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "யார்கிட்ட கதை விடுற? உன் தலை காஞ்சு கிடக்கு. நாளெல்லாம் வேலை செஞ்சவ அழுக்கோட நிக்கிற, நான் போய் முதல்ல இறங்கணுமா? நல்லா இருக்குடி உன் நியாயம்!"

"மாட்டிக்கிட்டேன்" என்று சிரித்த கயோகோ, நிஜமாகவே குளிக்கப் போனார். கன்னம் சிவக்க, கழுத்தில் துண்டோடு திரும்பினார். "இப்போ சரியாம்மா?"

அம்மா அவர் ஈர முடியைத் தொட்டுப் பார்த்தார். "காதுக்குப் பின்னால தேய்க்கவே இல்ல. போகட்டும்." தன் பொத்தான்களைத் தானே கழற்றினார்.

அன்றுமுதல் அந்த வீட்டில் சாயங்கால வேலையில் இருக்கும் பராமரிப்பாளர் அம்மாவுக்கு முன் குளிப்பது வழக்கமானது. மாத்திரை கூட்டவே இல்லை. முதல் இல்லத்தின் கருவிகளில் பழுதில்லை. அம்மா எப்போது எழுந்தார், எங்கே நடந்தார் என்று சரியாகச் சொல்லின. ஏன் குளிக்க மறுத்தார் என்பதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடிந்தது.

அம்மா என் பெயரை மறந்தார். பிறகு தன் பெயரையும். "நீ குளிச்சியா?" என்று கேட்பதை மட்டும் மறக்கவில்லை.

சென்ற மாதம் போய்விட்டார். தோலில் ஒரு புண் இல்லை. உடலைக் கழுவும் சடங்குக்கு முன், மினேகோ அவர் காதருகே குனிந்தாள்.

"நாங்க எல்லாரும் குளிச்சாச்சு அத்தை."

நானும் அவளும் கயோகோவும் ஈரத்தலையோடு நின்றிருந்தோம்.