போக்கியப் பணத்தில் எழுந்த பாதிக் கட்டடம்

மேல் வீட்டில் போக்கியத்துக்கு இருந்த நசீர் பாய் காலி செய்கிறேன் என்று சொன்ன அன்று வீட்டுக்காரி ஜெயந்தி எனக்கு விடாமல் போன் அடித்தாள். நான் ஆம்பூரில் வீடு, மனை புரோக்கர். எடுத்ததும், "அண்ணா, பாய் போக்கியப் பணத்தக் கேக்குறாரு. நான் இன்னா பண்ணுவேன்?" என்றாள். அந்தப் பணம் பக்கத்து மனையில், ஜன்னலுக்கு மேலே லிண்டல் மட்டம் வரை எழுந்த சுவராக நின்றுகொண்டிருந்தது.

தொழிலுக்குப் புதியவர்களுக்காகச் சொல்கிறேன். போக்கியத்துக்குக் குடிவருகிறவர் மொத்தமாக ஒரு தொகை தருவார். வாடகை கிடையாது, வட்டியும் கிடையாது. காலி செய்யும்போது முழுத் தொகையையும் திருப்பித் தந்துவிட வேண்டும்.

ஜெயந்தி ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் சூப்பர்வைசர். கீழ் வீட்டில் தனியாக இருந்தாள். பக்கத்து மனையில் இன்னொரு வீடு கட்ட ஆசைப்பட்டாள். லோன் போடு, மேல் வீட்டை வாடகைக்கு விடு, அது இ.எம்.ஐ.யில் பாதியைத் தாங்கும் என்று தலைதலையாக அடித்துக்கொண்டேன்.

"பேங்க்குக்கு வட்டி கட்டியே சாவணுமா? பாய் போனா அடுத்தவரு பணத்த வாங்கிக் குடுத்துட்டுப் போறேன்" என்றாள். ஊரே அப்படித்தான் செய்கிறது என்பதால் நானும் விட்டுவிட்டேன். பாயின் பணத்தில் சுவர் எழுந்தது.

அடுத்தவர் வரவில்லை. ஷூ ஆர்டர் குறைந்ததால்தான், ஷூ கம்பெனியில் வேலை பார்த்த பாயை ராணிப்பேட்டைக்கு மாற்றினார்கள். அதே ஆர்டர் குறைந்ததால் ஊரில் யார் கையிலும் மொத்தப் பணம் இல்லை. வாடகைக்கு வேண்டுமானால் கேட்டார்கள். பேங்கில், வாடகை வருமானம் காட்டினால் லோனைப் பார்க்கலாம் என்றார்கள். பாதிக் கட்டடத்தை அடிமாட்டு விலைக்குக் கேட்டு ஒருவர் தினமும் வந்து நின்றார்.

என்னால் சும்மா உட்கார முடியவில்லை. போக்கியத்துக்கு ஆள் தேடி வாணியம்பாடிக்கும் குடியாத்தத்துக்கும் வண்டியில் அலைந்தேன். பாய் மேல் கோபப்படவும் முடியவில்லை. "தங்கச்சி, ராணிப்பேட்டைல பாத்த வீட்டுக்கு நான் போக்கியப் பணம் கட்டணும். அந்த வீட்டுக்கார ஆளு ஜாஸ்தி பேஜார் பண்றான்" என்று அவரே ஜெயந்தியிடம் தலைகுனிந்து கேட்டார்.

கடைசியில் குடியாத்தத்திலிருந்து ஒரு தோல் வியாபாரியைக் கூட்டி வந்தேன். மாடிப்படியைப் பார்த்ததும் தயங்கினார்.

"அம்மாவுக்கு முட்டி வலி. ஏற முடியாதுங்க."

நான் வண்டிச் சாவியை எடுத்துவிட்டேன். ஜெயந்தி அவர் முன்னால் வந்து நின்றாள். "நான் இருக்கற கீழ் வீட்ட எடுத்துக்கறீங்களா?"

அவர் அங்கேயே சரி என்றார். அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "பாய் போனதும் நீ மேல போய்டு" என்றேன்.

"மேல் வீட்ட வாடகைக்கு வுடுங்கண்ணா. லோனுக்கு பேங்க்ல காட்டணும்ல. எனக்கு ஒரு ரூம் பாத்துக் குடுங்க."

வியாபாரி தந்த பணத்தோடு பாய் கிளம்பினார். கட்டடம் அடிமாட்டு விலைக்குப் போகாமல் தப்பியது. ஆனால் சொந்த வீட்டுக்காரி தட்டுமுட்டுச் சாமானோடு ஆட்டோவில் ஏறியதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. போக்கியப் பணத்தில் கட்டப்போகிறேன் என்று வருகிறவரிடம், குடியிருப்பவர் நாளைக்கே கிளம்பினால் எங்கிருந்து தருவீர்கள் என்று இப்போது முதலில் கேட்டுவிடுகிறேன். கமிஷன் போனாலும் போகட்டும்.

ஜெயந்திக்கு நான் பார்த்துக் கொடுத்த ரூமின் சொந்தக்காரர் சாவியைக் கொடுத்துவிட்டு மெல்ல இழுத்தார். "ஏம்மா, வாடகை எதுக்கு? போக்கியமா மொத்தமா குடுத்துடேன். நானும் மேல மாடி கட்டிட்டிருக்கேன்."

ஜெயந்தி முதல் மாச வாடகையை எண்ணி அவர் கையில் வைத்தாள்.

"வேணாங்க. மாசாமாசம் வாடகையே வாங்கிக்கங்க. உங்களுக்குத்தான் நல்லது."