பெயர் சொல்லாத மன்றாட்டு

கிளினிக்கில் நர்ஸ் ஒரு நீளமான பஞ்சுக்குச்சியைக் கொடுத்து, திரைக்குப் பின்னால் போய் நானே மாதிரி எடுத்து வரச் சொன்னார். "கோவிட் குச்சிக்குத் தங்கச்சியா மிஸ்ஸி இது?" என்றேன். சிரித்தார். ஐம்பத்திரண்டு வயதில் ஒரு நர்ஸைச் சிரிக்க வைத்த பெருமையோடு வீடு திரும்பினேன்.

சில வாரம் கழித்து போன் வந்தது. கர்ப்பப்பை வாயில் எச்.பி.வி. கிருமி, அதிலும் பொல்லாத வகை. பெரிய ஆஸ்பத்திரியில் சதை எடுத்துச் சோதிக்க வேண்டும். உடலுறவில் தொற்றும் கிருமி என்பதையும் சொல்லிவிட்டு வைத்தார்கள்.

இருபத்தாறு வருஷமாக எனக்கு ஒரே புருஷன். பிறை ஃபேக்டரியில் ஷிஃப்ட் முடித்து வந்து சாப்பிட உட்காருகிறவரிடம் இதை எந்தக் கறியோடு சேர்த்துப் பரிமாறுவது? அண்ணன் மனைவியிடம் மட்டும் சொன்னேன். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று மாதா மேல் சத்தியம் செய்தார்.

சத்தியம் தவறவில்லை. மனிதர் யாரிடமும் சொல்லாமல் நேராகக் கடவுளிடமே சொன்னார். ஞாயிறு தமிழ்ப் பூசையில், மைக்கில், "டத்தோ கிராமாட்டில் வசிக்கும், பாடகர் குழுவில் பாடும், பெயர் சொல்ல விரும்பாத ஒரு சகோதரியின் கர்ப்பப்பைக் கிருமி நீங்க மன்றாடுவோம்."

குழுவில் டத்தோ கிராமாட்காரி நான் ஒருத்திதான். கோவில் முழுக்க என்னைப் பார்த்தபடி "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது. நானும் சேர்ந்து சொன்னேன். சும்மா இருந்தால் சந்தேகம் வருமே.

காரில் ஏறியும் என் புருஷன் சாவியைத் திருகவில்லை.

"நீதானா அது?"

"குரல வச்சா கண்டுபிடிச்சீங்க?"

"வெளயாடாதலா. சொல்லு."

சொன்னேன். அவர் என்னைச் சந்தேகப்பட்டால் என்ன சொல்வதென்று ஒரு வாரமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அவரோ ஸ்டீரிங்கைப் பார்த்துக்கொண்டே, "என்னாலயா வந்துச்சு?" என்றார். அதற்கு ஒத்திகை பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு இருவருமாகப் போனோம். டாக்டரிடமும் முதலில் அதையேதான் கேட்டார்.

"யாரால, எப்பன்னு சொல்ல முடியாது அங்கிள். பல வருஷம் சத்தமில்லாம கெடந்திருக்கலாம். நெறைய பேருக்கு தானாவே போயிடும். போகாம தங்கிட்டாத்தான் பிரச்சன. அதோட டி.என்.ஏ. மொதல்ல நம்ம செல்லுக்குள்ள தனியா இருக்கும், வாடகைக்கு ரூம் எடுத்த மாதிரி. சில சமயம் அது ஒடஞ்சு நம்ம டி.என்.ஏ.வோடயே ஒட்டிக்கும். அப்ப அதோட கெட்ட ஜீன் ரெண்ட அடக்கி வச்சிருந்த பிரேக் போயிடலாம். செல் நிக்காம பெருகும். புத்துநோய்க்குப் போற வழியில இது நெறைய நடக்குது."

"வாடகைக்காரன் வீட்டுப் பத்திரத்துல, அந்த கிராண்டுல, பேர் எழுதிக்கிட்டானா இல்லயா? அத மட்டும் சொல்லுங்க டாக்டர்."

"நாங்க அத டெஸ்ட் பண்றதில்ல ஆன்ட்டி. செல் எவ்ளோ மாறியிருக்குன்னுதான் பாப்போம்."

சதை எடுத்தார்கள். முடிவு வர இரண்டு வாரம். பாத்திரம் கழுவக் குனிந்தால்கூட உள்ளே யாரோ பேனா மூடியைத் திறப்பது போல இருந்தது. கண்ணாடி முன் நின்று ஒரு ஜோக் சொல்லிப் பார்த்தேன். நானே சிரிக்கவில்லை.

செல்கள் மாறத் தொடங்கியிருந்தன, புற்றுநோய் இல்லை. மாறிய இடத்தை வெட்டி எடுத்தார்கள். ஆறு மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும்.

அண்ணி போன் அடித்தார். "இந்த ஞாயிறு நன்றி மன்றாட்டு வாசிக்கட்டா?"

"ஆறு மாசம் பொறுங்க அண்ணி. அதுவரைக்கும் பழசையே வாசிங்க. பேரயும் போட்டுடுங்களேன், தெரியாதவங்க யாரு இருக்கா?"

சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர் தலை நிமிராமல் சொன்னார்:

"ரெண்டு பேர் பேரயும் போடச் சொல்லு."